ஒரு சொட்டு மருந்துக்கும் சேரிக்கும் எவ்வளவு தூரம்?

நிலம், கூலி, வன்கொடுமை, இடஒதுக்கீடு என்று பேசவும் போராடவும் எவ்வளவோ கிடக்க, கோழிச் சீக்கைப் பற்றி எழுத வந்துட்டானே என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். கோழிச் சீக்கும் அரசியல்தான் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நிலமில்லாதவர் எவன் தயவும் இல்லாமல் வளர்க்கக்கூடிய கால்நடை கோழி ஒன்றுதான். மாட்டுக்கு வைக்கோல் வேண்டும், வரப்புப் புல் வேண்டும். வைக்கோல் யாருடையது, வரப்பு யாருடையது என்று இந்தப் பத்திரிகை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் 'எவன் கொல்லையிலடா மேயவிட்ட' என்று பிடித்துக் கட்டுவான். கோழி அப்படியில்லை. விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் குப்பையைக் கிளறும், கரையான் பொறுக்கும், சிந்தின நொய்யைத் தின்னும், பொழுது சாய்ந்தால் தானாக வந்து அடையும். அதை விற்கிற காசு பெண்ணின் கைக்கு நேராக வருகிறது. பிள்ளைக்கு நோட்டு, மாமியாருக்கு மாத்திரை, ஆஸ்பத்திரிக்குப் பஸ் செலவு, வந்த விருந்தாளிக்குக் குழம்பு எல்லாம் அந்தப் பஞ்சாரத்துக்குள் இருக்கிறது. புருஷனைக் கேட்க வேண்டாம், ஆண்டையையும் கேட்க வேண்டாம்.

பத்துக் கோழி ஒரே வாரத்தில் செத்துப்போனால் என்ன ஆகும்? அடுத்த முறை பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது அவள் கைமாத்துக்குப் போய் நிற்கிற வாசல் எது? எவன் வயலில் கூலிக்குறைவுக்குக் கொடி பிடித்தோமோ அவன் வாசல்தான். இல்லையென்றால் குழுக்கடன், கந்துவட்டி. ஒரு வேலைநிறுத்தத்தை எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்பதைச் சேரியின் கோழிக்கூண்டும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. இதை நம் இயக்கங்கள் இதுவரை கணக்கில் எடுத்ததில்லை.

அந்தச் சீக்கின் பெயர் நம் ஜனங்கள் வாயில் வெள்ளைக் கழிச்சல். புத்தகத்தில் ராணிக்கெட். வெள்ளைக்காரன் புத்தகத்தில் நியூகாஸில். பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1926இல் இந்த நோய் இரண்டு இடங்களில் கண்டறியப்பட்டது. ஒன்று ஜாவா தீவு, இன்னொன்று இங்கிலாந்தின் நியூகாஸில் துறைமுகம். ஜாவாக்காரனின் கோழியும்தான் செத்தது, ஆனால் நோய்க்கு வைத்த பெயர் ஆண்டவனின் ஊர்ப் பெயர். இந்தியாவில் 1927இல் குமாவுன் மலையில் வெள்ளைப் பட்டாளம் தங்கியிருந்த ராணிக்கெட்டில் கண்டுகொண்டார்கள், இங்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் சேரிகளில் கோழி சாகவில்லையா? யார் வீட்டுக் கோழி செத்தால் அது 'நோய்' என்று பதிவாகிறது, யார் வீட்டுக் கோழி செத்தால் அது வெறும் 'சாவு' என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் போடுங்கள். அதே குமாவுன் மலையில் முக்தேஸ்வரில் உள்ள அரசு ஆய்வுக்கூடத்தில் 1940ஐ ஒட்டி இந்த நோய்க்குத் தடுப்பூசி உருவாக்கிவிட்டார்கள். இன்றைக்கும் 'ஆர் டூ பி' என்று இறக்கைத் தோலுக்கடியில் போடுவது அந்த வழியில் வந்ததுதான். குஞ்சுகளுக்குக் கண்ணில் விடும் 'லசோட்டா' சொட்டு மருந்தின் கிருமி 1946இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு பண்ணையில் எடுக்கப்பட்டது. நம் ராணிப்பேட்டையில் கால்நடைத் தடுப்பு மருந்து தயாரிக்கும் அரசு நிறுவனம் 1932லிருந்து நடக்கிறது. ஆக மருந்து வந்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனைக்குப் பிறகும் வெயில் ஏறுகிற மாதங்களில் சேரி சேரியாகக் கோழி செத்து விழுகிறதென்றால், குறை மருந்தில் இல்லை.

நோயை முதலில் தெரிந்துகொள்வோம். தெரியாமல் பேசினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம்.

இது வைரஸ் நோய். கிருமி உள்ளே போய் ரெண்டு நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள், பெரும்பாலும் அஞ்சாறு நாளில், வெளியே தெரியும். கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாகக் குந்தும், தீனி எடுக்காது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். தாக்குப்பிடித்ததற்குக் கால் இழுத்துக்கொள்ளும், இறக்கை தொங்கும், கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும். முட்டைக் கோழி முட்டையை நிறுத்திவிடும் அல்லது தோல்முட்டை இடும். கடுமையான வகை வந்தால் தடுப்பூசி போடாத மந்தையில் ஒன்றிரண்டு மிஞ்சினால் அதிசயம்.

செத்த கோழியை அறுத்துப் பார்த்தால் இரைப்பைக்கு முன்னால் உள்ள சுரப்பி வயிற்றின் உட்பக்கம் ஊசிமுனை ஊசிமுனையாய் ரத்தப்புள்ளி இருக்கும், குடலில் புண் இருக்கும். இது பலமான அடையாளம். ஆனால் முடிவான சாட்சி ஆகாது. பறவைக்காய்ச்சலும் கிட்டத்தட்ட இப்படித்தான் கொல்லும், கோழிக் காலராவும் கூட்டமாகக் கொல்லும். காலரா பாக்டீரியாவால் வருவது, அதற்கு மருந்து கேட்கும். வெள்ளைக் கழிச்சலுக்குக் கேட்காது. கடையில் டெட்ராசைக்ளின் பொடி வாங்கித் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறோமே, அது வைரஸை ஒன்றும் செய்யாது. காசுதான் கரையும். கீழாநெல்லி, சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் அரைத்துக் கொடுப்பது நம் கிழவிகளின் அறிவு, அதை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். ஆனால் வந்துவிட்ட கழிச்சலை அது நிறுத்தும் என்று நம்பித் தடுப்பூசியை விட்டுவிடக் கூடாது. 'அம்மன் குத்தம்' என்று கூழ் ஊற்றுவதும் இதே கதைதான்.

உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். தொண்டையிலும் பின்வாயிலும் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியை, அல்லது செத்துச் சில மணி நேரத்துக்குள் ஐஸில் வைத்த கோழியையே, கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அங்கே ஒன்பது பத்து நாள் வளர்ந்த கருமுட்டையில் கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள், ரத்த அணு ஒட்டும் சோதனை செய்வார்கள், இப்போது மரபணுச் சோதனையும் உண்டு. பறவைக்காய்ச்சல் சந்தேகம் என்றால் மாதிரி போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்துக்குப் போகும். மாவட்டத்தில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இருக்கிற விஷயம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் விடியக்காலையில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேரிகளுக்குச் சொட்டு மருந்து போடப் போகிறவன். கோழி செத்த சமயத்தில், செத்த கோழியைப் பையில் வைத்து ஐஸ் போட்டு ஒரு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்தவர் பையைத் தொடவில்லை. "நாலு கோழிக்கெல்லாமா டெஸ்ட் பண்ணுவாங்க? காலனியில குப்பை கெடக்குது, அதான் சாவுது. சுத்தமா வெச்சிக்கச் சொல்லுப்பா" என்றார். அறுத்துப் பார்க்காமலே அவர் கண்டுபிடித்துவிட்டார். நோய்க்குக் காரணம் சேரி!

இந்தத் தீர்ப்பு அந்த ஒருத்தர் வாயோடு நிற்பதில்லை. புறக்கடைக் கோழியை 'நோய்க்கிருமியின் தேக்கம்' என்று எழுதும் ஆய்வுரைகள் உண்டு. பண்ணைக்கு நோய் வந்தால் வெளியே திரியும் நாட்டுக்கோழிதான் குற்றவாளி. தன்னிடம் வேலை செய்பவன் வீட்டில் கோழியே வளர்க்கக் கூடாது என்று விதி போடுகிற பண்ணைகள் இருக்கின்றன. கிருமி நாட்டுக்கோழியிலிருந்து பண்ணைக்குப் போக முடியும், உண்மைதான். பண்ணையிலிருந்து நாட்டுக்கோழிக்கும் வர முடியும் என்பதும் அதே அளவு உண்மை. கழித்துவிட்ட கோழியை வண்டியிலேற்றி ஊர் ஊராய் விற்கும்போது, கோழி எருவை மூட்டை மூட்டையாய் வயலுக்கு அனுப்பும்போது, கூண்டும் டயரும் கழுவாமல் சுற்றும்போது கிருமி எந்தப் பக்கம் பயணம் போகிறது? தீட்டு ஒரு பக்கமாகத்தான் பாயும் என்பது மனு சொன்னது. வைரஸுக்கு மனு தெரியாது.

2019 கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டில் 85 கோடியே 18 லட்சம் கோழி, வாத்து முதலிய வளர்ப்புப் பறவைகள். அதில் 31 கோடியே 70 லட்சம் புறக்கடையில் வளர்பவை. முந்தின கணக்கெடுப்பைவிட 45 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. தமிழ்நாடு 12 கோடியோடு முதல் இடத்தில் நிற்கிறது. நாமக்கல் பண்ணையில் குஞ்சு இறங்கும் முன்பே தடுப்பூசி அட்டவணை தயார். முதல் வாரம் சொட்டு, பிறகு இன்னொன்று, பிறகு ஊசி. இடையிடையே ரத்தம் எடுத்து எதிர்ப்பு சக்தி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். ஆக நோயைக் கட்டுப்படுத்துவது எப்படி என்பது இந்த மாநிலத்துக்கு நன்றாகவே தெரியும். தெரிந்த அறிவு ஊர்த்தெருவின் முனையில் நின்றுவிடுகிறது.

எப்படி நிற்கிறது என்று சொல்கிறேன். தடுப்பு மருந்து 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிக்கான டோஸ் அடைத்து வருகிறது. கலந்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்தாயிரம் கோழி வைத்திருப்பவனுக்கு இது வசதி. எட்டுக் கோழி வைத்திருப்பவளுக்கு? அரசு பிப்ரவரியில் ரெண்டு வாரம் முகாம் நடத்துகிறது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த முகாம்கள் ஊருக்குள் கோயில் திடலிலோ பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலோ பத்து மணிக்கு மேல்தான் தொடங்கின. பத்து மணிக்கு நம் பெண்கள் நடவிலோ ஏரி வேலையிலோ இருப்பார்கள். கோழி கரும்புக்கொல்லையில் இருக்கும். திறந்துவிட்ட நாட்டுக்கோழியைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய வேலை என்று. "காலனிக்காரங்க கோழியை எடுத்துக்கிட்டு இங்க வந்துடுங்க" என்று ஒருமுறை சொன்னபோது ஒரு ஆயா கேட்டாள்: "ஏஞ்சாமி, கோழி என்னா மாடா, கயித்தக் கட்டி இழுத்தாற?"

அந்த ஆயா கேட்டதில் இந்தப் பிரச்சினை முழுக்க இருக்கிறது. கோழிக்கு ஊசி போட வேண்டிய நேரம் விடியற்காலை, பஞ்சாரம் திறப்பதற்கு முன். இடம் சேரி, வீட்டு வாசல். இந்த நேரத்தில் இந்த இடத்துக்கு வர எந்த இலாகாவும் தயாராக இல்லை. முகாம் கணக்கில் 'போடப்பட்டது' என்று எழுதியாகிவிடும், கோழி ஏப்ரலில் சாகும்.

மாட்டுக்குக் கோமாரி, கருச்சிதைவு நோய் இரண்டையும் ஒழிக்க 2019இல் ஒன்றிய அரசு 13,343 கோடி ரூபாய் திட்டம் போட்டது. கோமாரி ஊசி ஆட்டுக்கும் பன்றிக்கும் கூட உண்டு. வேண்டாம் என்று சொல்லவில்லை, நம்மிடமும் மாடு ஆடு இருக்கிறது. நிலமில்லாத பெண்ணின் கோழிக்கு அப்படி ஒரு திட்டம் எங்கே என்றுதான் கேட்கிறேன்.

சட்டத்தையும் பார்ப்போம். விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கு 2009இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. அதன் பட்டியலில் இந்தக் கழிச்சல் நோயும் இருக்கிறது. கோழிக்குச் சொந்தக்காரர் நோயைப் பற்றி கிராம அலுவலரிடமோ பஞ்சாயத்திலோ தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் கடமை சுமத்துகிறது. சாதிச் சான்றிதழுக்கே எத்தனை நடை நடக்க வைக்கிறார்கள் அந்த ஆபீஸ் வாசலில்! அங்கே போய் 'எங்கோழி கழியுது சார்' என்று சொல்லி மரியாதையாய் ஒரு பதில் வாங்கிவிட முடியுமா? சொல்லி அவளுக்கு என்ன கிடைக்கும்? 2006இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரிலும், 2008இல் மேற்கு வங்கத்திலும் பறவைக்காய்ச்சல் வந்தபோது அரசே கோழிகளைக் கொன்றது, கொன்றதற்கு நஷ்டஈடு என்று ஒன்றும் கொடுத்தது. மனிதனுக்குப் பரவக்கூடிய நோய் என்பதால் அரசு ஓடி வந்தது. கழிச்சல் மனிதனைக் கொல்லாது, மிஞ்சினால் கோழியைக் கையாள்பவர்களுக்குக் கண் சிவக்கும், சில நாளில் சரியாகும். கொல்வது வீட்டுப் பொருளாதாரத்தை மட்டும்தான். அதற்கு நஷ்டஈடு கிடையாது. சொன்னால் பயனில்லை, சொல்லாவிட்டால் பாதி விலைக்கு வியாபாரியாவது தூக்கிக்கொண்டு போவான். நோய்க் கோழி சந்தைக்குப் போய் நாலு ஊருக்கு நோயைச் சுமப்பது இப்படித்தான். இதில் அந்தப் பெண்ணை மட்டும் குற்றம் சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை.

வாரத்துக்குக் கோழி வளர்ப்பவள் நிலை இன்னும் மோசம். ஊர்க்காரி கொடுத்த கோழி செத்தால், 'சீக்குன்னு சொல்லிட்டு அறுத்துத் தின்னுட்டியா' என்ற பேச்சையும் அவள்தான் வாங்க வேண்டும். கோழியும் போய் மானமும் போகிறது.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது, செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 'ஐ-2' என்ற தடுப்புக்கிருமியைத் தேடி எடுத்தார்கள். வெப்பத்தை ஓரளவு தாங்கும், கண்ணில் ஒரு சொட்டு போதும். உரிமைத்தொகை கேட்காமல் ஏழை நாடுகளின் ஆய்வுக்கூடங்களுக்குக் கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டில் அதை அங்கேயே தயாரித்து, கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, நாலு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாய்ச் சொட்டு விட்டார்கள். ஒரு கோழிக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை அந்தப் பெண்ணுக்குக் கூலி. நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் தீனியோடு குருணையாய்க் கொடுக்கும் தடுப்பு மருந்து ஒன்றை உருவாக்கியிருக்கிறது. கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. நான் போகிற சேரிகளில் அதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. கண்டுபிடிப்பு இருக்கிறது, அது நடந்து வரும் பாதைதான் அடைபட்டுக் கிடக்கிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை.

சேரிப் பெண்களிலிருந்தே ஆள் எடுத்துப் பயிற்சி கொடு, ஐஸ் பெட்டி கொடு, கோழிக்கு இவ்வளவு என்று கூலி கொடு. முகாமை விடியற்காலையில் சேரிக்குள் நடத்து. சின்னக் குப்பியில் மருந்து அடைத்துத் தா. வெயில் தாங்கும் மருந்தையும் குருணை மருந்தையும் பண்ணைக்கு முன்னால் புறக்கடைக்கு அனுப்பு. நாலு கோழி செத்தாலும் மாதிரி எடு, முடிவை எழுத்தில் கொடு. ஏழைப் பெண்களுக்குக் குஞ்சு கொடுக்கும் திட்டம் போடுகிறாயே, தடுப்பூசிக்கு ஆள் இல்லாமல் குஞ்சு கொடுக்காதே. அது சாவதற்கென்றே கொடுப்பது.

அரசு செய்யும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது. மாணவத் தோழர்களுக்குச் சொல்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள், ஒரு சேரியில் எத்தனை வீட்டில் எத்தனை கோழி என்று எழுதிக் கணக்கெடுங்கள். பத்து இருபது வீடு சேர்ந்தால் ஒரு குப்பி வீணாகாது. ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா, நாலாம் வாரம் மறுபடி ஒரு சொட்டு, எட்டு வாரம் ஆனபின் ஊசி. ஊசியைச் சின்னக் குஞ்சுக்கும் நோய்க் கோழிக்கும் போடக் கூடாது, அதுவே கொன்றுவிடும். போடுவதற்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுப்பது நல்லது. சந்தையிலிருந்து வந்த கோழியை ரெண்டு வாரம் தனியே கட்டுங்கள். செத்ததை ஏரியிலும் குட்டையிலும் வீசாதீர்கள், ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கோழி கூட்டமாய்ச் செத்தால் கால்நடை இலாகாவுக்கு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை மறுப்பார்கள், தேதி போட்ட காகிதத்தை மறுப்பது கஷ்டம்.

பயிற்சி வாங்கி ஒரு பெண் தன் சேரியில் மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தால் இன்னொன்றும் நடக்கும். கழிச்சல் ஊர்த்தெருவையும் விடுவதில்லை. அங்கே கோழி கழியத் தொடங்கினால் அவர்களும் அவளைத்தான் கூப்பிட வேண்டும். அவள் போகட்டும். ஊர் வாசலில் நின்று கூலியைப் பேசி வாங்கிக்கொண்டு போடட்டும். கொல்லைப்புறம் சுற்றி வரச் சொன்னால் பெட்டியை மூடிக்கொண்டு திரும்பி வரட்டும்.